ஷார்ஜாவின் மஹத்தா

அறபியில் 'மஹத்தா' என்றொரு சொல் உண்டு. சுமையை இறக்கி வைத்தல் என்னும் பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது அது. பாலைவழி வந்த முஸாபிர் ஒட்டகத்தின் பாரத்தை இறக்கித் தங்கும் இடமே மஹத்தா. ஷார்ஜாவின் முதல் விமான நிலையத்துக்கு வழங்கிய பெயரும் இதுவே.

லண்டனிலிருந்து கராச்சிக்குச் சென்ற இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் முதலில் பாரசீகக் கரையோரமாகவே பறந்தன. அவ்வனுமதியைத் தொடர ஈரான் மறுக்கவே, எதிரேயிருந்த அறபுக் கரையில் இடம் தேட வேண்டியதாயிற்று. 1932-ல் ஷார்ஜாவின் ஆட்சியாளர் ஷேக் சுல்தான் பின் சக்ர் அல் காசிமி இசைந்தார். தரையிறங்கும் உரிமைக்கு மாதம் 800 ரூபாய். இறங்கும் ஒவ்வொரு பயணி விமானத்துக்கும் 5 ரூபாய். ஆட்சியாளருக்கு மாதம் 500 ரூபாய். ஆம், அன்று அக்கரையில் செலாவணியாயிருந்தது இந்திய ரூபாயே!

இத்தொகை இன்று சிறிதாகத் தோன்றலாம். ஆயின், ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து வளைகுடாவின் முத்துத் தொழிலை நசித்த காலம் அது. முத்தின் வாழ்வையும் தாழ்வையும் கண்ட கீழக்கரைக்கும் காயலுக்கும் அவ்வேதனை அந்நியமன்று.

1932 அக்டோபர் 5-ல் 'ஹன்னோ' என்னும் விமானம் வந்திறங்கியது. விமானங்கள் பெரும்பாலும் பகலிலேயே பறந்த நாட்கள் அவை. ஆதலின் பயணிகள் இராத்தங்கக் கோட்டை போன்றதொரு விடுதி எழுந்தது; ஆட்சியாளரின் காவலரும் நின்றனர். வாகனம் மாறிற்றே தவிர, வழிப்போக்கருக்குத் தங்க இடமும் காவலும் தரும் மரபு மாறவில்லை.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை அங்கே தளங்கொண்டது; 1971-ன் இறுதியில் அது வெளியேறியது. 1977 ஜனவரி 1-ல் நகருக்கு வெளியே புதிய நிலையம் திறக்கப்பட்டது. குறைந்த கட்டணத்தில் பறக்கும் ஏர் அரேபியா 2003-ல் அங்கிருந்து சேவையைத் தொடங்கிற்று. பழைய ஓடுபாதை இன்று மன்னர் அப்துல் அஸீஸ் வீதியாகியுள்ளது. விடுதியையோ இடித்துவிடாமல், 2000-ல் அருங்காட்சியகமாக்கினர்.

அவர்கள் காத்து வைத்தது சுவர்களை மட்டுமன்று. தம் எளிய தொடக்கத்தின் நினைவையும்தான். செல்வம் வந்த பின் வறுமைக் காலத்தின் சின்னங்களை அழித்துவிட விரையும் நாம் இதனைச் சிந்திக்க வேண்டும். அன்று அங்கே இறங்கியோர் பெரும்பாலும் மேனாட்டார். புதிய நிலையத்தில் இறங்கியோருள் நம் ஊர்ப் பிள்ளைகளும் எத்தனையோ பேர். அவர்கள் சுமந்து சென்றது பெட்டியை மட்டுமா? வீட்டுக் கடனையும் குமர் காரியத்தையும் அன்றோ! அவர்களின் வரலாற்றை நம் ஊர்களில் யார் எழுதி வைத்திருக்கிறோம்?