விடியற்கால விமானமும் இரவுச் சாப்பாடும்

ஊருக்குப் புறப்படுகிறவனுக்கு முதல் நாள் ராத்திரி என்ன சாப்பாடு போடுவது என்பதற்கு நம் வீடுகளில் ஒரு தனிச் சாஸ்திரமே உண்டு. வயிற்றைச் சோதிக்காத மிளகு ரசம், சுட்ட அப்பளம், ஒரு கரண்டி மோர். வழிக்குக் கட்டுச்சாதம் வேறு. இது ரயில் காலத்துச் சாஸ்திரம். ஆகாய விமானம் வந்த பிறகு இதிலே பெரிய சிக்கல் ஏற்பட்டுவிட்டது. விமானம் காலை ஐந்தரை மணிக்கு என்றால் மூன்று மணிக்கே நிலையத்தில் இருந்தாக வேண்டும். அதற்காக ஒன்றரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும். அந்நிய ஊராக இருந்தால் கேட்கவே வேண்டாம். மாலை ஏழு மணிக்குக் கையிலே பெட்டியும் மனத்திலே கவலையுமாக, "இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்? கூடவே ஒரு கிளாஸ் ஏதாவது உண்டா? ஒன்பது மணிக்குள் படுத்தாக வேண்டுமே!" என்று அலைகிறவர்களை உலகத்தில் எந்த ஊரிலும் பார்க்கலாம்.

ஆனால் இந்தக் கவலை பிரயாணிக்கு இல்லாத ஒரு காலம் இருந்தது. அப்போது அது விமானக் கம்பெனியின் கவலை.

1929-ம் வருஷம் மார்ச் மாதம் 30-ந் தேதி லண்டனிலிருந்து கராச்சிக்கு முதல் விமானப் போக்குவரத்து தொடங்கிற்று. நடத்தியது இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி. பிரயாணத்துக்கு ஏழு நாள். கட்டணம் 130 பவுன்; அன்றைய நாணய மாற்றில் ஏறக்குறைய 1,730 ரூபாய். வழியெல்லாம் ஆகாயம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்விட்ஜர்லாந்தின் பாஸல் நகரம் வரை ஒரு விமானம். அங்கிருந்து ஜெனோவாவுக்கு ரயில். பிறகு மத்தியதரைக் கடலைத் தாண்டக் கடல் விமானம். எகிப்திலிருந்து மறுபடி தரையில் இறங்கும் விமானம். கொடுத்த பணத்தில் வழிநெடுகச் சாப்பாடும் படுக்கையும் அடக்கம்.

ஏழு நாள் ஏன்? அந்த விமானங்கள் இரவில் பறக்கவில்லை. பாலைவனத்தில் விளக்குப் போட்ட இறங்குதளங்கள் எங்கே இருந்தன? அஸ்தமித்தால் எங்கேயாவது இறங்கியாக வேண்டும். பகல் ஏறினாலோ மணலின் வெப்பத்தில் காற்று கொதித்து எழுந்து விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். ஆகையால் கருக்கலில் எழுந்து புறப்பட்டு, வெயில் உச்சிக்கு வருமுன் கூடியவரை தூரத்தைக் கடந்துவிட வேண்டும். மாட்டு வண்டிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த யுக்திதான் இது. அதைத்தான் ஆகாயத்தில் பறந்தவர்களும் கைக்கொண்டார்கள். விடியற்காலத்தில் புறப்படுவதும், அதற்கு முதல் நாள் இரவில் நல்ல சாப்பாடு போடுவதும் இப்படித்தான் இரட்டைக் குழந்தைகளாகப் பிறந்தன.

வழி கண்டுபிடித்த விதமும் சுவாரஸ்யமானது. 1921-ல் பிரிட்டிஷ் விமானப் படை கெய்ரோவுக்கும் பாக்தாத்துக்கும் தபால் கொண்டுபோகத் தொடங்கியபோது, விமானிகள் திசை தப்பாமலிருக்கப் பாலைவனத் தரையிலே மைல் கணக்கில் உழவுச்சால் போட்டு வைத்தார்கள். ஏர் பூட்டிக் கோடு கிழித்து, அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு மேலே பறந்தார்கள்! விதை விதைக்காத அந்த உழவில் விளைந்ததுதான் கிழக்கு நாடுகளுக்கான விமானப் பாதை.

அந்தப் பாதையில், டமாஸ்கஸுக்கும் பாக்தாத்துக்கும் நடுவே ருத்பா என்று ஓர் இடம். சில கிணறுகளும், சுற்றிலும் மதில் எழுப்பிய ஒரு கோட்டையும்தான் ஊர். 1923-ல் நியூஜிலாந்துக்காரர்களான நெய்ர்ன் சகோதரர்கள் பாலைவனத்தில் மோட்டார் போக்குவரத்து ஆரம்பித்தார்கள். பிற்பாடு எழுந்த ருத்பாக் கோட்டை அவர்களுடைய வண்டிகளுக்கும், இம்பீரியல் விமானங்களுக்கும் சேர்த்து ஒரு சத்திரமாயிற்று. அங்கே ஒரு கீரைத் தண்டு முளைக்காது. மேஜை விரிப்பு முதல் மிளகுப் பொடி வரை எல்லாம் வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

துப்பறியும் நாவல் படிக்கிறவர்களுக்கு அறிமுகமான அகதா கிறிஸ்டி அம்மாள், 1928-ல் நெய்ர்ன் வண்டியில் இந்த வழியாகத்தான் பாக்தாத்துக்குப் போனார். ருத்பாவில் சில மணி நேரத் தூக்கம். இருட்டோடு எழுந்து மறுபடி பிரயாணம். விடியும் நேரத்தில் நடுப்பாலையில் வண்டியை நிறுத்தி, ஸ்டவ்வில் சுட்ட டின் மாமிசமும் கறுப்புத் தேநீரும். அந்தக் காலைச் சாப்பாட்டின் ருசியைப் பல வருஷம் கழித்துத் தம் சுயசரிதையில் நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டு எழுதியிருக்கிறார். டின்னில் அடைத்த பண்டத்துக்கு அத்தனை ருசி எங்கிருந்து வந்தது? பசியிலிருந்து வந்தது என்பது பாதி பதில். யாருமில்லாத இடத்தில் நமக்காக ஒருவர் அடுப்பு மூட்டுகிறார் என்பதிலிருந்து வந்தது என்பது மீதிப் பாதி.

இனி ஷார்ஜாவுக்கு வருவோம். முதலில் இம்பீரியல் விமானங்கள் பாரசீகக் கரையோரமாகத்தான் பறந்தன. அந்த நாட்டு சர்க்கார் அனுமதியை நீட்டிக்க இசையவில்லை. எனவே 1932-ல் கம்பெனி எதிர்க்கரையில், அரபு நாட்டில், இடம் தேடிற்று. அங்கே பல தலைவர்கள் தயங்கினார்கள். வெள்ளைக்காரனுக்கு ஒரு முழம் இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? ஷார்ஜாவின் ஷேக் சுல்தான் பின் சகர் மட்டும் இசைந்தார். அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கரையின் ஜீவனம் முத்துக் குளிப்பு. உலகமெங்கும் வியாபார மந்தம். போதாததற்கு ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அன்னத்துக்குத் தவித்தன. இறங்குதளத்துக்கு மாதம் 800 ரூபாய் வாடகை, ஷேக்குக்கு மாதம் 500 ரூபாய் மானியம் என்று உடன்படிக்கை ஆயிற்று. ரூபாய் என்றால் நம் இந்திய ரூபாய்தான். அந்தக் கரையில் அன்று செலாவணியாக இருந்தது அதுவே.

1932 அக்டோபரில் முதல் விமானம் வந்து இறங்கியபோது விடுதி கட்டி முடியவில்லை. கொஞ்ச காலம் கூடாரம்தான் ஜாகை. பிறகு எழுந்த கட்டடம், விடுதி என்று பெயரே தவிர, கோட்டையேதான். பாலைவனக் கொள்ளைக் கூட்டத்துக்குப் பயந்து கனத்த மதிலும், துப்பாக்கி நீட்டத் துவாரங்களும் வைத்துக் கட்டினார்கள். வெளியே ஷேக்கின் காவலாளிகள் துப்பாக்கியோடு நிற்க, உள்ளே துரைமார்களும் துரைசானிகளும் சாப்பிட்டார்கள். வேண்டியவர்களுக்கு மதுபானமும் கிடைத்தது. 1937-ல் வெளிவந்த 'ஏர் அவுட்போஸ்ட்' என்ற ஆங்கிலச் செய்திப் படம் இந்தக் கோட்டையின் ஒரு நாள் வாழ்க்கையைக் காட்டுகிறது. விமானம் வருவதற்காக ஓர் ஊரே ஆயத்தமாகிற காட்சி அது. நம் கிராமத்தில் மாப்பிள்ளை வருகிற தினத்தில் நடக்கிற பரபரப்புக்கு அது கொஞ்சமும் குறைந்ததல்ல.

அங்கே வந்த விமானங்கள் ஹான்லி பேஜ் கம்பெனி செய்தவை. நான்கு எஞ்சின், மேலும் கீழுமாக இரட்டைச் சிறகு, மணிக்கு ஏறக்குறைய நூறு மைல் வேகம். ஹானிபால், ஹானோ என்று பழைய வீரர்கள் பெயர் வைத்திருந்தார்கள். மொத்தம் எட்டே விமானங்கள். அசைந்து அசைந்து போகிற தேர் போன்றவைதான் என்றாலும், 1939-ல் யுத்தம் வரும் வரையில் இந்த எட்டிலும் ஒரு பிரயாணிகூட உயிர் இழந்ததில்லை.

யுத்தம் வந்த பிறகு ஒரு நாள். 1940-ம் வருஷம் மார்ச் மாதம் 1-ந் தேதி. ஹானிபால் விமானம் பாரசீகக் கரையிலுள்ள ஜாஸ்க்கில் இறங்கிவிட்டு மறுபடி கிளம்பிற்று. அடுத்த நிறுத்தம் ஷார்ஜா. உள்ளே எட்டுப் பேர். அவர்களில் ஒருவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். தஞ்சை ஜில்லாவில் பிறந்து, ஜில்லா போர்டுத் தலைவராக இருந்து, வட்டமேஜை மகாநாட்டுக்குப் போய் வந்து, சென்னை சர்க்காரில் உள்நாட்டு இலாகாவை நிர்வகித்தவர்; நீதிக்கட்சியின் பெரிய தலைவர்களில் ஒருவர். லண்டனில் இந்தியா மந்திரிக்கு ஆலோசகராக நியமனம் பெற்றுப் போய்க்கொண்டிருந்தார்.

ஓமான் வளைகுடாவின் மேல் அந்த விமானம் மறைந்தது. தேடினார்கள், சிறகின் ஒரு துண்டுகூட அகப்படவில்லை. என்ன நேர்ந்தது என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது.

தஞ்சாவூர்க் காவிரிக் கரையில் பிறந்த ஒருவருக்காக, அன்றைக்கு அரபுப் பாலைவனத்தில் ஒரு கோட்டையின் கதவு திறந்திருந்தது. அந்தக் காலத்து விமானச் சாப்பாட்டு மேஜைக்கு எத்தனை அர்த்தம் இருந்தது என்று இங்கேதான் புரிகிறது. வெள்ளை விரிப்பும், பளபளக்கும் கிளாஸும் வெறும் டம்பம் அல்ல. "இன்றைக்கு இவ்வளவு தூரம் பத்திரமாக வந்துவிட்டீர்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள், நாளைக்கு மறுபடி பறக்க வேண்டும்" என்று வாயால் சொல்லாமல் சொன்ன உபசாரம் அது. பயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சூப்பைப் பற்றிப் பேசினார்கள்.

மதுவுக்கும் இதே கதைதான். அயர்லாந்தில் ஃபாய்ன்ஸ் என்ற துறையிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டக் கடல் விமானங்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. 1940-களின் முற்பகுதியில் ஒரு பனிக்கால இரவில், புறப்பட்ட விமானம் ஒன்று புயலுக்கு அஞ்சிப் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டது. நடுங்கிக்கொண்டு இறங்கியவர்களுக்குச் சமையற்காரர் ஜோ ஷெரிடன் சுடச்சுடக் காப்பியில் கொஞ்சம் விஸ்கியை ஊற்றி, மேலே பாலேட்டை மிதக்கவிட்டுக் கொடுத்தாராம். 'ஐரிஷ் காப்பி' பிறந்தது அப்படித்தான் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். அந்தத் துறையில் சாப்பாட்டு நிர்வாகம் பார்த்த பிரெண்டன் ஓ'ரீகன் என்பவரே, 1947-ல் பக்கத்து ஷானன் விமான நிலையத்தில் உலகத்தின் முதல் சுங்க வரியில்லாக் கடையைத் திறந்தார். குளிரில் திரும்பி வந்தவனுக்குக் கையில் கொடுத்த கோப்பை, சில வருஷங்களுக்குள் அலமாரியில் விலைச்சீட்டோடு ஏறி உட்கார்ந்துகொண்டது.

அதற்குள் விமானங்கள் இரவில் பறக்கக் கற்றுக்கொண்டன. ஏழு நாள் பிரயாணம் ஒரு ராத்திரிக்குள் அடங்கிற்று. வழியில் தங்க வேண்டியதில்லை என்றதும் சத்திரமும் போயிற்று. சமைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தவரும் போனார். இது நஷ்டம் என்று நான் புலம்பமாட்டேன். ஹானிபாலை நினைத்தால், வேகமும் பத்திரமும் எத்தனை பெரிய வரம் என்பது தெரியும். 1,730 ரூபாய் கொடுக்க முடிந்த துரைமார்கள் மட்டும் பறந்த காலம் போய், கொத்தனாரும் கம்பியாளும் பறக்கிற காலம் வந்தது நல்லதுதான்.

ஷார்ஜாக் கோட்டை இன்றும் இருக்கிறது; பொருட்காட்சி சாலையாக. 1977 வரையில் விமானம் ஓடிய தளத்தின் ஒரு பகுதி இப்போது கடைத்தெருவோடு கூடிய சாலை. 1985 முதல் ஷார்ஜாவில் மதுவுக்கும் இடமில்லை. ஆனால் விடியற்காலத்து விமானங்களுக்குக் குறைவில்லை. ஊருக்குத் திரும்புகிற நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் முதல் நாள் இரவு அந்த ஊரில்தான் பெட்டியைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பெனி அவர்களுக்குச் சாப்பாடு போடுவதில்லை. எட்டுப் பேர் சேர்ந்து குடியிருக்கிற அறையில் யாரோ ஒருவன், "நாளைக்கு ஊருக்குப் போகிறவன்" என்பதற்காக அன்றைக்கு மட்டும் கோழி வாங்கி வந்து குழம்பு வைக்கிறான். இரண்டு மணிக்கு எழுப்பிவிடவும் அவனே பொறுப்பு.

பழைய கோட்டையின் மேஜையில் இருந்த வெள்ளை விரிப்பு அங்கே இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது.