தொழிற்குடி ஓவியங்கள் (மதுரை வட்டாரம்)

18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, தமிழகத்து ஓவியர்கள் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்காக வரைந்த நீர்வண்ணப் படங்கள் தொழிற்குடி ஓவியங்கள் எனப்படும். கலை வரலாற்று நூல்கள் இவற்றைக் 'கம்பெனி பாணி'யில் சேர்க்கின்றன. குயவர், வண்ணார், நாவிதர், நெசவாளர், பண்டாரம், பல்லக்குத் தூக்கி, கள்ளிறக்குபவர் என்று ஒரு படத்துக்கு ஒரு குடி. பெரும்பாலும் கணவனும் மனைவியுமாக நிற்பார்கள். தஞ்சாவூரும் திருச்சிராப்பள்ளியும் இதன் பெரிய மையங்கள். மதுரையின் பெயர் இந்த வரலாற்றில் நிலைத்ததற்கு 1837இல் தொகுக்கப்பட்ட ஒரே ஒரு புத்தகம் காரணம்.

அன்றாட வாழ்வைப் பார்க்கும் பழக்கம் மதுரைக்குப் புதிதன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி நாளங்காடி, அல்லங்காடி இரண்டையும் சுற்றிவந்து, கள் விற்கும் இடத்தில் பறந்த கொடியையும் விடாமல் குறித்துவைத்தது. ஆனால் அது சொல்லில் நடந்த வேலை. சுவரிலும் துணியிலும் வரைந்தவர்கள் தெய்வங்களையும் அரசர்களையும் வரைந்தார்கள். நாயக்கர் காலத் தூண்களில் குறவனும் குறத்தியும் இடம்பிடித்தார்கள் என்றால் அது பெரிய சலுகை. கள்ளுக்கடைக்காரரை உட்கார்த்தி வரைய யாரும் கூலி கொடுக்கவில்லை.

கூலி கொடுக்க ஆள் வந்தது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியோடுதான். 1799இல் தஞ்சை நிர்வாகமும் 1801இல் மதுரைச் சீமையும் கம்பெனி கைக்குப் போயின. அதிகாரி, இராணுவத்தான், பாதிரியார் என்று வந்தவர்கள் ஊருக்குத் திரும்பும்போது, 'நான் ஆண்ட மக்கள் இவர்கள்' என்று காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. அரண்மனைக்கும் மடத்துக்கும் வேலை செய்துவந்த மூச்சி, ராஜு என்ற ஓவியக் குடியினர் அந்தத் தேவையைப் பிடித்துக்கொண்டார்கள். தங்க ரேக்கு ஒட்டிக் கண்ணனை வரைந்த கை, ஐரோப்பியக் காகிதத்தில் குயவரை வரைந்தது. திருச்சியில் காகிதத்துக்குப் பதில் காக்காப்பொன் தகட்டிலும் வரைந்தார்கள். சில தகட்டுத் தொகுதிகளில் முகம் மட்டும் அட்டையில் இருக்கும். உடை வரைந்த தகடுகளை அதன்மேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். ஒரே முகம் நாவிதராகவும் ஆகும், நவாபாகவும் ஆகும். வாங்கியவர்களுக்கு ஆள் முக்கியமில்லை, வகைதான் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இந்தத் தொகுதிகளில் திரும்பத் திரும்ப வருபவர் கள்ளிறக்குபவர். வெள்ளைக்காரர்களுக்கு அவர் ஒரு வித்தைக்காரராகத் தெரிந்திருக்க வேண்டும். பனையில் ஏறுபவர் கால்களில் தளைநார் மாட்டிக்கொள்வார். இடுப்பில் பாளை அரிவாளும் கலயமும் தொங்கும். பாளையைக் கட்டி, இடுக்கியால் நசுக்கி, நுனியைத் தினமும் மெல்லச் சீவிவிட்டால் கலயத்தில் சாறு சொட்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் தானே புளித்துக் கள். காலையும் மாலையும் ஏறி இறங்கும் இந்த உழைப்பில் ஓவியர்கள் தேர்ந்துகொண்டது இரண்டு நிலைகளை: மரத்தில் பாதி ஏறிய ஆள், அல்லது தரையில் கருவிகளோடு நிற்கும் ஆள். பக்கத்தில் பானையோடு மனைவி. பின்னால் வெளிறிய வானம், காலடியில் ஒரு கீற்றுப் பச்சை. கருவிகளைப் பொறுத்தவரை படம் நம்பத்தக்கது. முடிச்சு விழுந்த இடம்வரை கவனம் இருக்கும். சூழலைப் பொறுத்தவரை படம் ஊமை. அந்தக் கள் எந்தக் கடைக்குப் போனது, யார் குடித்தார்கள், யார் கடன் சொன்னார்கள் என்பதற்கெல்லாம் அந்த வெளிறிய வானத்தில் இடமில்லை.

மதுரைத் தொகுதிக்கு வருவோம். அமெரிக்க மிஷன் மதுரையில் கால் வைத்தது 1834இல். யாழ்ப்பாணத்தில் 1816 முதல் இருந்து, வட்டுக்கோட்டைக் குருமடத்தை நடத்திய டேனியல் பூவர் 1830களின் நடுவில் மதுரைக்கு வந்து பள்ளிகள் திறந்தார். 1837இல், மதுரையில் உருவான 72 வண்ணப் படங்கள் கொண்ட ஒரு புத்தகத்தை வில்லியம் ட்வைனிங் என்ற அமெரிக்கப் பாதிரியாருக்கு அவர் அன்பளிப்பாக அனுப்பினார். 'இந்தியச் சாதிகளின் எழுபத்திரண்டு மாதிரிகள்' என்பது அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள். படங்களின் தலைப்புகள் ஆங்கிலத்திலும் தமிழிலும் உள்ளன. முகப்புப் பக்கத்தில் தெலுங்கும் சேர்ந்திருக்கிறது. அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் நமக்குத் தெரியும். வரைந்தவர் பெயர் இல்லை.

இந்தப் புத்தகத்தின் மதிப்பு உடையிலும் நகையிலும் இருக்கிறது. மேற்கத்திய உடுப்பு பரவுவதற்கு முன் மதுரைச் சீமையில் யார் எப்படிச் சேலை கட்டினார்கள், என்ன தலைப்பாகை வைத்தார்கள், காதில் என்ன தொங்கியது என்று அறிய இதைப் போன்ற சான்றுகள் குறைவு. ஒளிப்படம் இங்கே வருவதற்கு முந்தைய ஆண்டுகள் அவை. எனினும் 'மாதிரி' என்று சொல்லும்போதே தொகுத்தவரின் பார்வை தெரிந்துவிடுகிறது. பூச்சி சேகரிப்பவர் பெட்டியில் குத்திவைப்பதுபோல மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

இதே அன்றாடத்தை இன்னொரு வழியில் வரைய முடியும் என்பதற்கு அந்த அமெரிக்காவிலேயே பின்னாளில் உதாரணம் கிடைத்தது. 1912இல் நியூயார்க் ஓவியர் ஜான் ஸ்லோன் 'மெக்சார்லீஸ் பார்' என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தை வரைந்தார். கிழக்கு ஏழாவது தெருவில் இருந்த உண்மையான மதுக்கடை அது. மங்கிய பழுப்பு வெளிச்சம், வெள்ளை அங்கி போட்ட பரிமாறுபவர், மேடையில் சாய்ந்து நிற்கும் சிலர், சுவர் நிறையப் படச்சட்டங்கள். யாரும் நமக்காக நிற்கவில்லை. இங்கே ஆளுக்குப் பெயர்ச்சீட்டும் இல்லை, வகையும் இல்லை. ஒரு கடையும் ஒரு வேளையும் இருக்கின்றன. 1913இல் புகழ்பெற்ற ஆர்மரி கண்காட்சியில் வைக்கப்பட்டபோது விற்காத இந்தப் படத்தை, 1924இல் டெட்ராய்ட் கலைக்கூடம் வாங்கியது. அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்துகொண்டிருந்தது. அந்தக் கடையின் ஜனநாயகத்துக்கும் ஓர் எல்லை உண்டு: 1970 வரை பெண்களை உள்ளே விடவில்லை. மதுரைத் தொகுதியில் பெண்கள் இருக்கிறார்கள். அந்த மட்டில் அதை வரைந்தவர் ஸ்லோனை முந்தியவர்.

தொழிற்குடி ஓவியங்களின் முடிவு வேகமாக வந்தது. 1850இல் சென்னையில் அலெக்சாந்தர் ஹண்டர் கலைப்பள்ளி தொடங்கினார். அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் கேமரா அந்தச் சந்தையை எடுத்துக்கொண்டது. ஆனால் பார்வை மாறவில்லை. 1909இல் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரி துணையோடு ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில், அதே வரிசைதான் ஒளிப்படமாக நிற்கிறது.

படத்தின் கீழ் எழுதிய பெயர் படத்தைவிட நீண்ட நாள் உறுத்தியது. பனையேறுவதை, இன்று நாடார் எனப்படும் சமூகத்தின் நிரந்தர அடையாளமாக இந்தத் தொகுதிகள் பதித்தன. அந்தச் சமூகத்தில் வணிகர்களும் நிலக்காரர்களும் இருந்தார்கள் என்பது பற்றி அவற்றுக்குக் கவலையில்லை. அன்றைய மதுரை மாவட்டத்தில் இருந்த கமுதியில் அச்சமூகத்தாரின் கோயில் நுழைவு பற்றிய வழக்கு 1897இல் எழுந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் உருவானது. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடார் என்ற பெயரை அரசு ஏற்றது. ஓவியத் தலைப்புகளை இன்று வாசிப்பவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அவற்றில் இருப்பது அம்மக்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயரன்று.

படத்தில் இருந்த தொழிலும் சட்டத்தால் சுருங்கியது. 1886ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டம் மரத்துக்கும் கடைக்கும் வரியும் உரிமமும் வைத்தது. ராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் விலக்கு தளர்ந்து கள்ளுக்கடைகள் திரும்பின, சில ஆண்டுகளில் மூடப்பட்டன, மறுபடி வந்தன. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை நீடிக்கிறது. சீமைச் சரக்கை அரசின் டாஸ்மாக் விற்கிறது. மதுரையைச் சுற்றிய சமவெளியில் பனை நிற்கும் இடங்களில் இப்போது பருவத்துக்குப் பதநீரும் நுங்கும் கிடைக்கும்.

தஞ்சை, திருச்சித் தொகுதிகள் பல லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் உள்ளன. மதுரைத் தொகுதி அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில் இருக்கிறது. மின்வடிவில் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மதுரையில் வரலாறோ நாட்டார் வழக்காற்றியலோ படிக்கும் மாணவர் யாராவது அந்த 72 தமிழ்த் தலைப்புகளையும் படியெடுத்து, உடை, நகை, கருவி ஒவ்வொன்றுக்கும் இந்த வட்டாரத்துப் பெயரைக் குறித்து வெளியிட்டால், ஆங்கிலத் தலைப்புகளை மட்டுமே நம்பி நடக்கும் ஆய்வுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.