உப்புநீர் மருந்தான கதை

ஆஸ்திரேலியக் கடற்கரையில் அலைச்சறுக்கு ஆடுபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ள சிலர் இருந்தார்கள். அதே நோயுள்ள மற்றவர்களைவிட இவர்களுடைய நுரையீரல் தெளிவாக இருப்பதை சிட்னி மருத்துவர்கள் கவனித்தார்கள். உப்புநீரை உள்ளிழுத்தால் சளி இளகும் என்ற எண்ணம் மருத்துவத்தில் முன்பே உண்டு. அதை முறையாகச் சோதித்துப் பார்க்கும் உந்துதலைக் கொடுத்தது அந்த அலைகள்தான்.

இந்த நோயில் செல்லின் குளோரைடு வாயில் பழுதாகிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரை நனைத்திருக்க வேண்டிய நீர்ப்படலம் சுருங்கிவிடுகிறது. வற்றிய வாய்க்காலில் ஓடம் தரைதட்டுவதுபோல் சளி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதில் கிருமிகள் குடியேறுகின்றன. உப்பைத் தூவினால் அது சுற்றியுள்ள நீரை இழுக்கும். ஆக, கடல்நீரைப்போல ஏறக்குறைய இரு மடங்கு உப்புள்ள 7 சதவீதக் கரைசலை நெபுலைசரில் நுண்துளிகளாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள்.

ஒப்பிடுவதற்குச் சாதாரண சலைன் போதும். ஆனால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடுமே! அதனால் இரண்டிலும் கசக்கும் குயினைன் கலந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் மார்க் எல்கின்ஸும் மருத்துவர் பீட்டர் பையும் நடத்திய அந்த ஆய்வில் 164 பேர் 48 வாரம், தினம் இருவேளை, 4 மில்லிலிட்டர் இழுத்தார்கள். உப்பு அதிகமுள்ள கரைசலை இழுத்தவர்களுக்கு மூச்சின் அளவு சிறிதளவே கூடியது. ஆனால் நோய் முற்றிப் படுக்கையில் தள்ளும் தடவைகள் பாதிக்கும் கீழே குறைந்தன. 2006 ஜனவரியில் ஒரு மருத்துவ இதழில் முடிவு வெளியானது.

அதே இதழில் அமெரிக்காவின் சேப்பல் ஹில் குழுவின் ஆய்வும் வந்தது. உப்பு சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடும், அமிலோரைடு மருந்து சேர்த்தால் நெடுநேரம் தங்கும் என்று அவர்கள் கணித்திருந்தார்கள். நடந்தது நேர்மாறு! உப்புநீர் மட்டும் இழுத்தவர்களுக்கே சளி நகர்வு எட்டு மணி நேரத்துக்கு மேலும் நீடித்தது. வெறும் உப்பு, கூட்டாளி இல்லாமலே வென்றது. என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான்.

பயன்பாட்டில் வரிசை முக்கியம். உப்புநீர் மூச்சுக்குழாயை இறுக்கக்கூடும் என்பதால் முதலில் அதைத் தளர்த்தும் சல்பியூட்டமால். பிறகு கரைசல், தொண்டை கரகரக்கும், இருமல் வரும். அடுத்து, வாயைத் திறந்து குரலெழுப்பாமல் காற்றை வேகமாக வெளியே தள்ளும் ‘ஹஃப்’ பயிற்சி. இடையிடையே அமைதியாக மூச்சுவிட்டு, சளி மேலே ஏறி வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். உள்ளிழுக்கும் ஆன்டிபயாடிக் கடைசி, சுத்தமான குழாயில் அது ஆழமாக இறங்கட்டும் என்று. இதை ஒரு குழந்தைக்குத் தினமும் செய்விக்கும் தாய்மாரின் பொறுமையை எந்த ஆய்வும் அளக்கவில்லை.

இப்போது மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரை ஒன்று வந்து, குளோரைடு வாயிலையே திறக்கிறது. அதை உட்கொள்பவர்களில் நுரையீரல் நன்றாக உள்ளவர்கள் ஆறு வாரம் உப்புநீரை நிறுத்தியும் மூச்சு பெரிதாகக் குறையவில்லை என்று பின்னர் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் 2019-இல் வந்தபோதே அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் டாலராக இருந்தது. சில மரபணு மாற்றங்கள் உள்ளவர்களுக்கு அது வேலையும் செய்யாது. அவர்களுக்கும், அந்த விலைக்கு எட்டாத நாடுகளின் நோயாளிகளுக்கும் காலையும் மாலையும் நெபுலைசரும் உப்புநீரும்தான் துணை.