பத்தனைக் கல்லூரியின் வாசல் யாருக்கு?

கொட்டகலையை அடுத்த பத்தனையில் இருக்கிறது ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. 1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் உதவியுடன் இது உருவானபோது நோக்கம் தெளிவாக இருந்தது: தோட்டத்துப் பிள்ளைகளையே பயிற்றப்பட்ட ஆசிரியர்களாக்கித் தோட்டப் பாடசாலைகளுக்கு அனுப்புவது. அந்தப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதற்கு முன் பெரும்பாலான தோட்டங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் படிப்பு.

இக்கல்லூரிக்கு மலையகத்துக்கு வெளியே உள்ளவர்களும் தெரிவாகிறார்கள் என்ற முறைப்பாடு புதியதல்ல. மலையக அரசியல்வாதிகளும் ஆசிரியர் சங்கங்களும் பல தடவை எழுப்பியதுதான். வடக்கு, கிழக்கு வாசகருக்கு இது சங்கடமான விடயம். 1970களின் தரப்படுத்தலால் புண்பட்ட நமக்கு, ‘புள்ளிதான் அளவுகோல்’ என்ற வாதம் இயல்பாகவே நியாயமாகப் படும். ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ கற்பிக்கும் பாடசாலை பக்கத்தில் இல்லாத பிள்ளையை, அவை இரண்டும் உள்ள நகரத்துப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நிறுத்தினால் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5 வீதம் ஒதுக்குவதும் இதனால்தான். அந்தப் பட்டியலில் நுவரெலியாவும் உண்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் உண்டு.

கல்வியியற் கல்லூரித் தெரிவில் உயர்தரப் பெறுபேற்றோடு நிரந்தர வதிவிடமும் பார்க்கப்படுகிறது. சிக்கல் இங்கேதான். வசதியுள்ளவர் உறவினர் வீட்டு விலாசத்தில் பதிந்து, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழையும் எடுத்துவிடலாம். லயத்தில் பிறந்து வளர்ந்தவருக்கோ தனக்கென்று ஒரு விலாசமே இருப்பதில்லை. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதங்கள் துரையின் அலுவலகத்தில் ஒன்றாகக் குவிகின்றன. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து கைக்குக் கிடைத்த கதை தோட்டங்களில் புதிதல்ல. வதிவிடத்தை அளவுகோலாக்கினால், அந்த மண்ணில் உண்மையாக வசிப்பவருக்குத்தான் அதை நிரூபிப்பது கடினம்.

பல்கலைக்கழக மாவட்ட ஒதுக்கீட்டில் மாணவர் எங்கே படித்தார் என்பது கணக்கில் வருகிறது. பத்தனைக்கும் அதுவே பொருந்தும் என்பது என் எண்ணம். சாதாரண தரமும் உயர்தரமும் பெருந்தோட்டப் பாடசாலையில் படித்தவருக்கு முதலிடம், நியமனத்தின் பின் குறிப்பிட்ட காலம் அங்கேயே கற்பிக்கும் கடப்பாடு. வெளியிலிருந்து வந்தவர் ஓரிரு வருடத்தில் சொந்த ஊருக்கு இடமாற்றம் கேட்டால், தோட்டப் பாடசாலையின் வெற்றிடம் மறுபடியும் வெற்றிடமாகிவிடும். அதை நிரப்பத்தான் ஆசிரிய உதவியாளர்களை 6,000 ரூபா கொடுப்பனவுக்கு அமர்த்த வேண்டி வந்தது.

இந்த அளவுகோலுக்கும் ஓர் ஓட்டை உண்டு. 1977 வன்செயலுக்குத் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன தோட்டக் குடும்பங்கள், பிறகு வன்னிப் போரையும் சேர்த்தே சுமந்தன. அவர்களின் பிள்ளைகள் படித்தது தோட்டப் பாடசாலையில் அல்ல. பாடசாலையைப் பார்த்தாலும் வதிவிடத்தைப் பார்த்தாலும் பத்தனையில் அவர்கள் வெளியார்தான். அவர்களுக்கென இதுவரை யாரும் ஓர் இடம் கேட்டதாகத் தெரியவில்லை.