மண்புழுக் கஷாயமும் ஸ்டெம் செல்லும்

போன மாசம் ஊரிலிருந்து அண்ணன் போன். பெரியப்பாவுக்கு பக்கவாதம் வந்து எட்டு மாசமாச்சு, இடது கை இன்னும் அசையலை. 'மூலிகையும் ஸ்டெம் செல்லும் சேர்த்துக் குடுக்குறாங்க, சரியாயிடுமாம்' என்று யாரோ கிளப்பிவிட, அரை ஏக்கரை விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். பொட்டி தட்டுறவனுக்கு இதுல என்ன தெரியும்? இருந்தாலும் உட்கார்ந்து படித்தேன். கதை 1797-ல் சீனாவுக்குப் போகிறது.

அந்த வருஷம் அங்கே ஒரு கொள்ளைநோய். சரியாகப் புதைக்காத குழந்தைகளின் உடல்களை நாய்கள் கிளறிப் போட்டிருந்தன. வாங் சிங்ரென் என்ற வைத்தியர் தினமும் போய் உள்ளுறுப்புகளைப் பார்த்தார். பழைய ஏடுகளின் படங்கள் தப்பு என்று தெரிந்தது. (டாகுமெண்டேஷனை நம்பாம கோடைத் திறந்து பார்த்த ஆசாமி!) 1830-ல் வைத்தியர்களின் பிழைகளைத் திருத்தி ஒரு புத்தகம் போட்டார். அதில் பக்கவாதத்துக்கு ஒரு கஷாயம்: புயாங் ஹுவான்வூ. ஏழு சரக்கு. அஸ்ட்ராகலஸ் வேர் மட்டும் சுமார் 120 கிராம். மண்புழு உட்பட மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான். அடுத்த வருஷமே மனுஷன் போய்ச் சேர்ந்துட்டார், கஷாயம் நின்றுவிட்டது.

ஸ்டெம் செல் கதை ரொம்பப் பிந்தியது. வளர்ந்த மூளையில் புது நரம்பணு பிறக்காது என்றுதான் நம்பினார்கள். எலியில் பிறக்கிறது என்று 1962-ல் ஆல்ட்மன் சொன்னதைப் பெரிதாக யாரும் கண்டுக்கலை. மனிதரிலும் உண்டு என்று 1998-ல் எரிக்சன் குழு காட்டியது. 2001-ல் டெட்ராய்ட்டில் பக்கவாத எலிகளுக்கு எலும்பு மஜ்ஜை செல்களை ரத்தக்குழாயில் ஏற்ற, அவற்றின் நிலை தேறியது. அந்த செல்கள் புது நரம்பாக மாறுவதைவிட, வளர்ச்சிக்கான பொருட்களைச் சுரந்து உதவுகின்றன என்பதே இன்றைய கருத்து.

இங்கேதான் ரெண்டும் சேருது. செலுத்தும் செல்களில் பெரும்பாலானவை அடிபட்ட இடத்தில் செத்துப்போகும். கஷாயம் ரத்த ஓட்டத்தைக் கூட்டி, வீக்கத்தைக் குறைத்தால் அவை தங்குமே என்று சீன ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்தார்கள், பலன் இருக்கிறது என்றும் எழுதினார்கள். எலிகளில்!

மனுஷனுக்கு? இந்தியாவில் ஐந்து மையங்களில் 120 நோயாளிகளிடம், அவரவர் மஜ்ஜை செல்களையே ஏற்றிப் பார்த்த சோதனை 2014-ல் வெளியானது. ஆபத்தில்லை, ஆனா பலனும் இல்லை. ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டியும் பக்கவாதத்துக்கு இது இன்னும் ஆராய்ச்சிதான், காசு வாங்கக்கூடாது என்கிறது.

அண்ணனிடம் ஒண்ணே ஒண்ணு சொன்னேன்: சோதனையின் பதிவு எண்ணைக் கேளுங்க. கேட்டாராம். 'அதெல்லாம் எதுக்கு சார், அட்வான்ஸ் எப்ப கட்டுறீங்க'ன்னு பதில் வந்திருக்கு. அரை ஏக்கர் இப்போதைக்குத் தப்பிச்சது. பெரியப்பாதான் என்கூடப் பேசமாட்டேங்கிறார்.