மன்னார் முத்துச்சலாபக் குத்தகை

மன்னார் முத்துச்சலாபக் குத்தகை என்பது மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்திலுள்ள முத்துப் பார்களில் சிப்பி எடுக்கும் உரிமையை, அரசு பணத்துக்குத் தனியாரிடம் விட்ட முறையாகும். 1804இல் தனி வணிகர் ஒருவர் எடுத்த 30 நாள் குத்தகையும், 1906இல் ஒரு கம்பனி எடுத்த 20 ஆண்டுக் குத்தகையும் இதன் முக்கிய எடுத்துக்காட்டுகள்.

பார்களும் நிருவாகமும்

பெரியபார், சேவல்பார், மோதரகம்பார் ஆகியவை அரிப்புக்கும் சிலாபத்துறைக்கும் மேற்கே கடலடியில் உள்ளன. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை, கடல் அமைதியாக இருந்தபோது சலாபம் (முத்துக்குளிப்பு) நடந்தது. அரசே நேரடியாக நடத்தினால் அது அமானி எனப்பட்டது. அதில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு குளிப்பவர்களுக்கும் சேர்ந்தது. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலத்தில் விற்கப்பட்டது. அமானியில் விளைச்சல் குறைந்தால் நட்டம் அரசுக்கு. குத்தகையிலோ அது குத்தகைக்காரருக்கு.

1804ஆம் ஆண்டுக் குத்தகை

பிரித்தானியர் 1795இல் இக்கரையைக் கைப்பற்றினர். 1804இல், தேசாதிபதி பிரெடரிக் நோர்த்தின் காலத்தில், சோழமண்டலக் கரையில் சில காலம் வாழ்ந்த யாழ்ப்பாணத்தவர் ஒருவர் சலாபத்தைக் குத்தகைக்கு எடுத்தார். 150 படகுகளுடன் 30 நாள் குளிக்கும் உரிமைக்கு அவர் ஒப்புக்கொண்ட தொகை 3,00,000 போர்ட்டோ நோவோ பகோடா, அதாவது சுமார் 1,20,000 பவுண். சில படகுகளின் உரிமையை அவர் பிறருக்கு விற்றார். ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளவும் இது வழியாயிற்று. பார்களை முன்கூட்டியே சோதித்து, ஒரு பருவத்துக்கு மட்டும் உரிமை பேசியதால், எடுப்பவரும் விடுபவரும் கணக்கை ஓரளவு மதிப்பிட முடிந்தது.

1906ஆம் ஆண்டுக் குத்தகை

1891க்குப் பின் 1903 வரை சலாபமே நடக்கவில்லை. காரணம் அறிய அரசு அழைத்த விலங்கியலாளர் வில்லியம் ஹேர்ட்மன் 1902இல் இலங்கை வந்தார். ஜேம்ஸ் ஹோர்னெல் உடன் பணியாற்றினார். பெரியபாரில் பெருந்தொகையாகத் தங்கும் இளஞ்சிப்பிகள் சோழகக் காலக் கடல் ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படுவதை ஹேர்ட்மன் கண்டார். அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றி வளர்க்கலாம் என்றார்.

1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்தது சுமார் 25 லட்சம் ரூபா. அடுத்த ஆண்டே சலாப உரிமை சிலோன் முத்துக்குளிப்புக் கம்பனிக்கு 20 ஆண்டுக்கு விடப்பட்டது. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபா. சிப்பி வளர்ப்புக்குச் செலவிடும் கடமையும் கம்பனி மீது விழுந்தது.

இந்தப் பேரத்தில் இரு தரப்புக்கும் நியாயம் இருந்தது. 1905இன் வருமானம் எட்டு ஆண்டுக் குத்தகைக்குச் சமம். ஆகவே நல்ல பருவங்கள் சில வந்தாலே கம்பனிக்கு ஆதாயம். ஆனால் பதினோர் ஆண்டு வெறுமை அண்மையில்தான் முடிந்திருந்தது. அதனால் ஆண்டுதோறும் நிலையான பணம் வருமென்பது அரசின் ஆதாயம். விளைச்சலோடு ஏறி இறங்காத தொகை, வெறும் ஆண்டுகளின் சுமை முழுவதையும் கம்பனியின் மேல் வைத்தது.

முடிவு

1906, 1907 சலாபங்களுக்குப் பிறகு பார்கள் வெறுமையாயின. மணல் மூடலும் திருக்கை மீன்களும் சிப்பி அழிவின் அறியப்பட்ட காரணங்கள். முந்தைய பெரும் சலாபங்களில் முதிர்ந்த சிப்பிகள் மிகுதியாக எடுக்கப்பட்டதும் இனப்பெருக்கத்தைக் குறைத்திருக்கலாம். வருமானம் நின்றபோதும் குத்தகைப் பணம் நிற்கவில்லை. 1912இல் கம்பனி கலைக்கப்பட்டது. குத்தகைக் காலம் பாதிகூடக் கழியவில்லை. அடுத்த சலாபம் 1925இல்தான் நடந்தது.