நூற்பந்தும் குடைந்த கிழங்கும்: ஹாலோவீன் கைவேலைகளின் கதை



அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் நம்மூர்ப் பேரங்காடிகளில் செம்மஞ்சள் நிறப் பூசணிக்காய்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. எல்லாம் நெகிழியால் ஆனவை. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பிள்ளைகள் கைவினை நேரத்தில் கம்பளி நூலால் சிறு சிறு பூசணிக்காய்களைப் பின்னி வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். மறுநாள் காலையில் ஒரு தந்தையார் அவற்றுள் ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். "பேய்த் திருநாளுக்கு நம் பிள்ளைகள் ஏன் டீச்சர் பொம்மை செய்ய வேண்டும்? அதுவும் இது அமெரிக்கக் கடைக்காரர்கள் உண்டாக்கிய வியாபாரம்தானே?" என்று கேட்டார். கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி என்று சொல்லி முதற் கேள்விக்கு ஒருவாறு விடை கூறிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அதனைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் பழைய வழக்கில் நவம்பர் முதல் நாள் குளிர்காலத்தின் தொடக்கம். ஐரிஷ் மொழியில் அந்நாளுக்குச் 'சாவின்' என்று பெயர். அறுவடை முடிந்து, மாடுகள் மேய்ச்சல் நிலத்திலிருந்து வீடு திரும்பும் காலம் அது. பின்னர் அதே நாள் கிறித்துவ சமயத்தில் புனிதர் அனைவரின் திருநாளாயிற்று. அதற்கு முந்திய இரவே ஹாலோவீன். இறந்தோரும் மாயப் பிறவிகளும் நடமாடும் இரவு என்று சிற்றூர் மக்கள் நம்பினர். இளையோருக்கோ அது தம் வருங்காலத்தைக் குறி கேட்கும் இரவாகவும் இருந்தது.

நம் கம்பளி நூலுக்கு இங்கேதான் வேலை வருகிறது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் முதல் நூலில் இவ்விரவைப் பற்றி ஒரு நெடும் பாடலைச் சேர்த்திருந்தார். அவ்வழக்கங்களை அறியாத வாசகர்களுக்காக அடிக்குறிப்புகளும் எழுதினார். அவற்றுள் ஒன்று நூற்பந்துச் சடங்கை விவரிக்கிறது. மணமாகாத பெண் ஒருத்தி யாருக்கும் தெரியாமல் தனியாகத் தானியம் உலர்த்தும் சூளைக்குப் போக வேண்டும். இருண்ட அதன் குழிக்குள் நீலக் கம்பளி நூற்பந்து ஒன்றைப் போட்டுவிட்டு, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு புதிய பந்தாகச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். நூல் தீரப்போகும் நேரத்தில் கீழிருந்து ஏதோ ஒன்று அதனைப் பிடித்துக்கொள்ளும். "பிடித்திருப்பது யார்?" என்று அவள் கேட்டால், வருங்காலக் கணவனின் பெயர் குழியிலிருந்து விடையாக வரும்!

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வீடு கம்பளி நூற்ற நாட்டில் குறி கேட்கும் கருவியும் கம்பளியாகத்தானே இருக்கும்? ஆக, பூசணிக்காய் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் ஹாலோவீனுக்குள் நுழைவதற்கு முன்பே நூற்பந்து அங்கே இருந்தது.

அயர்லாந்தின் வடமேற்கில் டோனகல் என்னும் மாவட்டம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அதன் மேற்குப் பகுதிப் பெண்கள் வணிகர்களிடம் நூல் வாங்கி வந்து காலுறை பின்னிக் கொடுத்துப் பிழைத்தனர். நூலுக்காகப் பல மைல் நடந்தனர். கூலியோ மிகச் சொற்பம். பல வேளைகளில் அதுவும் காசாக வராது. கடையிலேயே தேயிலையாகவும் சர்க்கரையாகவும் கழிக்கப்படும். அவ்வட்டாரத்தில் பிறந்த எழுத்தாளர் பாட்ரிக் மக்கில் 1915இல் வெளியிட்ட நாவல், கடுங்குளிரில் நூல் வாங்க நடந்து செல்லும் பெண்களிடமிருந்தே தொடங்குகிறது. கையால் பின்னிய பொருளைப் பார்த்தவுடன் பாட்டியின் அன்பு என்று உருகுவது இன்றைய வழக்கம். அப்பெண்களுக்கு அது வயிற்றுப்பாடு என்பதனை நாம் மறந்துவிடலாகாது. ஒரே இரவின் அலங்காரத்துக்காகக் கம்பளியைச் செலவழிப்பதை அவர்கள் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அலங்காரத்துக்கு அவர்களிடம் இருந்தது டர்னிப் கிழங்கு. கல்லைப் போன்ற அந்தக் கிழங்கைக் கரண்டியாலும் கத்தியாலும் பொறுமையாகக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே நெருப்புக் கங்கையோ மெழுகுவத்தித் துண்டையோ வைப்பார்கள். டோனகலின் ஃபின்டவுன் என்னும் ஊரில் செய்யப்பட்ட அத்தகைய விளக்கு ஒன்றின் வார்ப்பு, இன்று மேயோ மாவட்டத்தில் உள்ள அயர்லாந்தின் நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழிந்த கண்களும் இடைவெளி விட்ட பற்களுமாக, இன்றைய பூசணி முகங்களைக் காட்டிலும் பன்மடங்கு அச்சமூட்டும் முகம் அது. 1943ஆம் ஆண்டில் அதனை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர் யார் தெரியுமா? ஒரு பள்ளி ஆசிரியை! இத்தகைய விளக்கை ஊரில் இப்போது யாரும் செய்வதில்லை, பழைய வழக்கமாக நினைவில் மட்டும் இருக்கிறது என்னும் செய்தியையும் அவர் பதிவு செய்தார். கிழங்கு அழுகும் பொருளாதலால் சுண்ணச் சாந்தில் அச்சு எடுத்து வைத்தனர். அந்த ஆசிரியை வாளாவிருந்திருந்தால் அம்முகத்தை இன்று நாம் பார்த்திருக்க முடியாது.

அதே அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை நடந்த மற்றொரு முயற்சியையும் ஆசிரியர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் மாணவர்கள் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டறிந்த கதைகளையும் வழக்கங்களையும் கட்டுரைப் பயிற்சியாகவே எழுதினர். பெரும்பாலோர் 11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள். ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் சேர்ந்தன! ஹாலோவீன் இரவின் விளையாட்டுகளும் குறி கேட்கும் முறைகளும் அவற்றில் ஏராளம். இன்று இவற்றை இணையத்திலேயே படிக்கலாம். (நம் தோட்டப்புறப் பள்ளிகளில் அக்காலத்தில் இப்படி ஒரு பயிற்சி நடந்திருந்தால் எத்தனை தாலாட்டுகள் பிழைத்திருக்கும் என்று எண்ணிப் பெருமூச்சுவிட்டேன்.)

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அமெரிக்கா சென்றவர்களுக்கு அங்கே பூசணிக்காய் கிடைத்தது. அளவில் பெரியது, உள்ளே பாதி வெற்றிடம், குடைவதும் எளிது. கிழங்கின் வேலையை அது எடுத்துக்கொண்டது.

இனிதான் அந்தத் தந்தையார் குறிப்பிட்ட கடைக்காரர்கள் வருகிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டென்னிசன் நிறுவனம் சுருக்கங்கள் கொண்ட கிரேப் தாளை விற்றுவந்தது. அந்நிறுவனம் 1909ஆம் ஆண்டில் 'போகி புக்' என்னும் சிறு நூலை வெளியிட்டது. 1912க்குப் பிறகு ஆண்டுதோறும் புதிது புதிதாக வந்தது. தாளைக் கொண்டு பூனை, சூனியக்காரி, ஆந்தை உருவங்களை எப்படி வெட்டுவது, மேசையை எப்படி அலங்கரிப்பது, ஓர் இரவுக்கு மட்டும் உடுத்தும் தாள் உடையை எப்படித் தைப்பது என்றெல்லாம் அது கற்றுக்கொடுத்தது. செய்முறை சொல்லித் தாளை விற்பதே நோக்கம். ஆக, தந்தையார் கூற்றில் பாதி உண்மை. ஆனால் அந்தக் கடைக்காரர் செய்த பொருளை விற்கவில்லை, செய்வதற்கான பொருளைத்தான் விற்றார். இன்றைய நெகிழிப் பூசணியோடு இதனை ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஆலையில் செய்த உடைகளும் முகமூடிகளும் பெருகின. கைவேலைக்கு மற்றோர் அடி எதிர்பாராத திசையிலிருந்து விழுந்தது. 1982இல் சிகாகோ வட்டாரத்தில் எவரோ சயனைடு கலந்த மாத்திரைகளை உண்டு எழுவர் மாண்டனர். ஹாலோவீனுக்குச் சில வாரங்களே இருந்தன. முன்பே புழங்கிவந்த நஞ்சூட்டிய மிட்டாய் பற்றிய அச்சம் அதனால் பன்மடங்கு ஆயிற்று. அண்டை வீட்டு அம்மையார் பிடித்த சோளப்பொரி உருண்டையை வாங்காதே, ஆலையில் உறையிட்டதை மட்டும் வாங்கு என்று பெற்றோர் சொல்லலாயினர். இவ்வச்சத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், முன்பின் அறியாத ஒருவர் தந்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான சான்று எதனையும் காணவில்லை. ஆயினும் கையால் செய்தது என்பதே ஐயத்துக்குரியது என்னும் எண்ணம் நிலைத்துவிட்டது. இவ்வரலாற்றில் என்னை மிகவும் வருத்திய பகுதி இதுதான்.

பின்னிய பூசணிக்காய் எப்போது வந்தது? போர்க்கால பிரிட்டனில் 1941 முதல் பின்னல் நூலும் பங்கீட்டுச் சீட்டுக்கு உட்பட்டது. அப்போது யார் பொம்மை பின்னுவார்? 1950இல் டுபாண்ட் நிறுவனம் ஓர்லான் என்னும் அக்ரிலிக் இழையைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. கம்பளியைப் போன்ற, துவைத்தாலும் கெடாத, பளிச்சென்ற நிறங்களில் மலிவான நூல்கள் அதன்பின் பரவின. அலங்காரத்துக்காகப் பின்னுவது எளியவர்க்கும் இயல்வதாயிற்று. பின்னர் ஜப்பானியரின் அமிகுருமி பொம்மைகள் உலகெங்கும் பரவின. 2007இல் தொடங்கிய ராவெல்ரி இணையத்தளத்தில் பூசணி, வௌவால், பேய் என எண்ணற்ற பின்னல் முறைகள் கிடைக்கின்றன. பிரிட்டனின் சில ஊர்களில் சிவப்பு அஞ்சல் பெட்டிகளின் தலையில் பின்னிய பூசணிகளையும் சூனியக்காரிகளையும் இரவோடு இரவாக யாரோ பொருத்திவிட்டுப் போகிறார்கள்.

செய்முறை கேட்ட பெற்றோருக்காக: ஒரு நீள்சதுரம் பின்னத் தெரிந்தாலே போதும். இரண்டு நேர்ப்பின்னல், இரண்டு எதிர்ப்பின்னல் என மாற்றி மாற்றிப் பின்னினால் பூசணியின் வரிகள் தாமே விழும். இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்துக் குழாயாக்குங்கள். அடிவாயைச் சுருக்கிக் கட்டிப் பஞ்சடைத்து, மேல்வாயையும் சுருக்குங்கள். பிறகு நீண்ட ஊசியால் அடியிலிருந்து உச்சிக்கு நூலை இழுத்துக் கட்டினால் நடுவில் குழி விழும். காம்புக்குப் பச்சை நூல்.

சென்ற முறை பிள்ளைகள் இப்படி நூலை இழுத்துக்கொண்டிருந்தபோது சூளைக்குழிக் கதையைச் சொன்னேன். வகுப்பே அமைதியாயிற்று. கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன், "அப்படியானால் கீழே உண்மையிலேயே யார் டீச்சர் பிடித்துக்கொண்டிருந்தது?" என்று கேட்டான். அதற்குள் மணி அடித்துவிட்டது.